சாட்சிச் சுவர்

"பீப்."

தன் அறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தபோது மூக்கக்கா சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

ஒன்றுமில்லை, தேர்வாளர் மீட்டரைத் தரையில் வைத்துப் பார்த்திருப்பார், தரை என்றால் ஒரு சத்தம் வரத்தான் செய்யும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"பீப். பீப்."

இந்த முறை சத்தம் கொஞ்சம் மேலிருந்து வந்தது. குளியலறைப் பக்கத்துச் சுவர். இடுப்பு உயரம். இருபத்திரண்டு வருடம் இதே வேலையாக இருந்தவளுக்கு, மீட்டர் எந்த உயரத்தில் கத்துகிறது என்று கண்ணால் பார்த்தா தெரிய வேண்டும்?

அது ஈரத்தை அளக்கும் மீட்டர். சுவரோடு ஒட்டிப் பிடித்தால் உள்ளே எவ்வளவு ஈரம் என்று எண்ணில் காட்டும். எண் பதினைந்தைத் தாண்டினால் கத்தும். இந்த அறை நன்றாகக் காய்ந்துவிட்டது என்று நேற்றுக் காலையில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் மூக்கக்கா. காய்ந்த சுவர் ஏன் கத்துகிறது?

"என்ன நாத்தனாரே, உள்ள கோழிக்குஞ்சு வளர்க்கிறியா?" என்றாள் அண்ணி. அவள் கீழே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அந்தம்மா வந்து அரை மணி நேரம் ஆச்சு. உட்காரவும் இல்ல, டீயும் வேணாங்குது. சுவத்தைத் தடவிக்கிட்டே நிக்குது."

"தேர்வு முடியுற வரைக்கும் தண்ணி கூட வாங்கிக் குடிக்கக் கூடாதாம் அண்ணி. விதி."

"அப்ப எதுக்கு டீ போடுற?"

தேர்வாளர் அளவெடுக்கும்போது தேர்வு எழுதுகிறவர் அறைக்குள் இருக்கக் கூடாது என்பதும் விதிதான். வெளியே நின்று கையைப் பிசைவதற்குப் பதில் டீயாவது போடலாம் என்று போட்டாள். அவ்வளவுதான்.

"பீப்."

டம்ளரில் ஆடை படர ஆரம்பித்தது.

வெள்ளம் புகுந்த வீடு, குழாய் வெடித்த வீடு, தீயை அணைத்துவிட்டுப் போனபின் கரியும் தண்ணீருமாக அழுதுகொண்டு நிற்கிற வீடு. இப்படிப்பட்ட வீடுகளைச் சுத்தம் செய்து, காயவைத்து, மறுபடியும் மனுஷர் குடியிருக்கிற மாதிரி ஆக்கித் தருவதுதான் அண்ணனுடைய நிறுவனத்தின் தொழில். இருபத்து மூன்று வயதில் கையில் ஒரு வாளியும் துடைப்பானுமாக அவள் அதில் சேர்ந்தாள். சேர்ந்த முதல் மாதமே அவளிடம் ஒரு வரம் இருப்பது தெரிந்துபோயிற்று. ஒரு வீட்டுக்குள் நுழைந்து இரண்டு முறை மூச்சு இழுப்பாள். "அந்தப் படத்துக்குப் பின்னாடி, தரையிலிருந்து ரெண்டு அடி" என்பாள். பூச்சைப் பெயர்த்துப் பார்த்தால், அங்கேதான் ஈரம் ஒளிந்துகொண்டிருக்கும். மீட்டர் அப்புறம்தான் வரும், மூக்கு முதலில் வரும். வேலையாட்கள் ஆறு பேரும் அவளை மூக்கக்கா ஆக்கிவிட்டார்கள்.

ஆனால் மூக்குக்குச் சான்றிதழ் கிடையாதே!

சான்றிதழ் அண்ணனிடம் இருந்தது. அலுவலகத்தில், அவர் நாற்காலிக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. வேலை முழுக்க அவள் செய்வாள். தினமும் அளவெடுத்து அறிக்கை எழுதுவதும் அவள்தான். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் அண்ணன் போடுவார். ஒருமுறை ஒரு வீட்டுக்காரர், "இந்தம்மா யாரு?" என்று கேட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "நம்ம பாப்பாதான். கூடமாட ஒத்தாசைக்கு வரும்" என்றார். பாப்பாவுக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று.

அண்ணன் கெட்டவரா? அப்படிச் சொன்னால் நாக்கு அழுகிவிடும். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் கணவன் நின்ற நிலையில் விழுந்து செத்தபோது, எட்டு வயதுப் பெண் குழந்தையோடு அவள் வாடகை வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, வந்து கையைப் பிடித்தது அண்ணன் ஒருத்தர்தான். "நான் இருக்கேன், பாப்பா" என்றார். தன் வீட்டின் கீழ்த்தளத்தில் கடைசி அறையைக் கொடுத்தார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் அழைத்து வந்தார். பிறகு அவள் எங்கேயாவது போக வேண்டும் என்று வாயெடுத்தபோதெல்லாம் அதே வார்த்தையைச் சொல்லித்தான் உட்கார வைத்தார். 'நான்தான் இருக்கேனே, உனக்கு எதுக்கு?' பூட்டு எதுவும் போடவில்லை. அன்பாகச் சாத்தி வைத்த கதவை எப்படித் திறப்பது?

கதவு என்றதும் நினைவு வருகிறது. அந்த அறையின் மரக் கதவு ஒருநாளும் முழுசாக மூடியதில்லை. உப்பிப்போய், நிலையில் உரசி, நாலு விரல் இடைவெளியில் நின்றுவிடும். தோளால் முட்டினாலும் தாழ்ப்பாள் துளைக்கு எட்டாது. அண்ணி கதவைத் தட்டுகிற வழக்கமே கிடையாது. மூடாத கதவைத் தட்டுவதற்கு என்ன இருக்கிறது? சேலை மாற்றும்போது கூட மூக்கக்கா ஒரு காலால் கதவை மிதித்துக்கொண்டுதான் நிற்பாள். அழ வேண்டுமென்றால் குளியலறைக்குப் போவாள்.

அந்த அறையில்தான் மகள் வளர்ந்தாள். விடிகாலையில் இருமுவாள். கிழவி மாதிரி, நெஞ்சு பிய்ந்துவிடுகிற மாதிரி. எத்தனை டாக்டர்கள்! தலையணையை மாற்றச் சொன்னார்கள். திரைச்சீலையைக் கழற்றச் சொன்னார்கள். மாத்திரை, புகை பிடிக்கிற குழாய் மாதிரி ஒரு மருந்து, எல்லாம் ஆயிற்று. அண்ணி கூட எழுந்து வந்து வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். போன வருடம் மகள் படிப்புக்காக வேறு ஊருக்குப் போய் விடுதியில் சேர்ந்தாள். ஒரே மாதம். "அம்மா, இங்க எனக்கு இருமலே வர்றதில்ல. இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்குது போல" என்றாள் போனில். மூக்கக்கா அந்த ஊர்த் தண்ணீரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மகள் போனபிறகுதான் அந்த ஆசை வந்தது. வேறொரு பெரிய நிறுவனத்துக்காரர் ஒரு தீ விபத்து வீட்டில் அவள் வேலையைப் பார்த்துவிட்டு, "சான்றிதழ் மட்டும் கொண்டு வாங்கம்மா. குழுத் தலைவர் வேலை, தங்குறதுக்குத் தனி வீடு. நாளைக்கே சேந்துக்கலாம்" என்றார். தனி வீடு. பூட்டுகிற கதவு. அவள் அன்றிலிருந்து தூங்கவில்லை.

பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி. தையல் வகுப்பு என்று வீட்டில் பொய் சொன்னாள். முதல் நாள் பயிற்சி நிலையத்து வாசலில் காவலாளி அவளைப் பார்த்ததும், "மாடியை முதல்ல துடைச்சிருங்க, அப்புறம் பாத்ரூம்" என்று துடைப்பானை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு இரண்டு படி ஏறியும் விட்டாள்! பழக்க தோஷம். பிறகுதான் சுதாரித்துக்கொண்டு, "நான் படிக்க வந்திருக்கேங்க" என்றாள்.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். கடிதம் வந்தது. அந்த மூடாத கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அண்ணியின் கண்ணில் அது பட்டது. அண்ணன் ஒரு வாரம் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். எட்டாம் நாள், "பாஸ் பண்ணிட்ட, சந்தோஷம். செயல்முறைத் தேர்வுக்கு ஒரு ஈர வீட்டை நீயே தனியா காயவச்சுக் காட்டணுமே. நம்ம வேலை எல்லாம் என் கையெழுத்துல நடக்குது. வீட்டுக்கு எங்க போவ, பாப்பா?" என்றார். கேலி இல்லை. உண்மையான கவலை மாதிரியே இருந்தது. அதுதான் இன்னும் வலித்தது.

வீடு தானாக வந்தது. போன வாரம் மாடிக் குளியலறைக் குழாய் வெடித்து, தண்ணீர் கூரை வழியாக இறங்கி, அவளுடைய அறையையே குளிப்பாட்டிவிட்டது. படுக்கை, பாய், புத்தகம் எல்லாம் நாசம். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அவள் சிரித்தாள். தன் படுக்கை நனைந்ததற்காக ஆனந்தக் கண்ணீர் விட்ட பெண் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஓடிப்போய் விண்ணப்பத்தை நீட்டினாள். வீட்டுச் சொந்தக்காரர் சம்மதம் என்ற இடத்தில் அண்ணன் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து நாள் வேலை. இரண்டு பெரிய காற்றாடிகள். ஈரத்தை உறிஞ்சுகிற மெஷின் ஒன்று. வேலையாட்கள் அதற்கு வைத்த பெயர் குடிகாரன். நாள் முழுக்கக் குடிக்கும், வாளியை அடிக்கடி காலி செய்யாவிட்டால் தகராறு பண்ணும். கதவு வழியாக ஒயர்கள் போனதால் கதவு ஐந்து நாளும் திறந்தே கிடந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினாள்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் சுவரை அளந்தாலும் பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளை டேப்பை ஒட்டி, தேதி, அளவு, அளந்தவர் கையெழுத்து, மூன்றையும் எழுத வேண்டும். சுவர் காய்கிறவரை டேப்பைக் கிழிக்கக் கூடாது. அண்ணன் மற்ற எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டார். "டேப்புங்கிறது சத்தியம் மாதிரிடா" என்று வேலையாட்களிடம் கத்துவார். வாழ்க்கையில் முதல் தடவையாக டேப்பில் மூக்கக்காவின் கையெழுத்து ஏறியது. ஒவ்வொன்றையும் தள்ளி நின்று பார்த்தாள்.

"கொஞ்சம் உள்ள வாங்க" என்று தேர்வாளர் கூப்பிட்டார்.

முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். செருப்புக்கு மேலே பிளாஸ்டிக் உறை. சட்டைப் பையில் இரண்டு பேனா. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"உங்க சாட்சிச் சுவர் எது?"

அதே வீட்டில் தண்ணீர் படாத ஒரு சுவரை முதலில் அளந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் சாட்சிச் சுவர் என்று பெயர். நனைந்த சுவர்களெல்லாம் அதன் அளவுக்கு இறங்கி வந்துவிட்டால் காய்ந்துவிட்டன என்று அர்த்தம். வீடு பொய் சொன்னாலும் சாட்சிச் சுவர் பொய் சொல்லாது என்பார்கள்.

"அதோ மேடம். அலமாரிக்குப் பக்கத்துல. மேல இருந்து வந்த தண்ணி இந்தப் பக்கம் படவே இல்ல."

"என்ன அளவு?"

"பத்தொன்பது."

"பத்தொன்பதுங்கிறது அதிகம்னு உங்களுக்குத் தோணலையா?"

"பழைய வீடு மேடம். இந்தச் சுவர் எப்பவும் இப்படித்தான்னு..." அவள் குரல் தேய்ந்தது.

"உங்க மீட்டர் கத்தியிருக்குமே?"

"அது கத்தாது மேடம்."

அண்ணன் கருப்பு டேப் ஒட்டி அதன் வாயை அடைத்து வருடக்கணக்காகிறது. வீட்டுக்காரர்கள் முன்னால் அது கத்தினால் பயந்துவிடுகிறார்கள் என்பார்.

தேர்வாளர் வெளியே போனார். கூடத்துச் சுவரில் மீட்டரை வைத்தார். சத்தம் வரவில்லை. சாப்பாட்டு அறைச் சுவர். சத்தம் இல்லை. மாடிப்படிக்குக் கீழே. இல்லை. திரும்பி வந்தார்.

"ஒன்பது. மூணு இடத்துலயும் ஒன்பது."

மூக்கக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. நனைந்த சுவர்களை ஐந்து நாள் பாடுபட்டு இறக்கிக் கொண்டுவந்து, இன்னொரு ஈரச் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, காய்ந்துவிட்டது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கற்றுக்குட்டி கூடச் செய்யாத தப்பு! சாட்சியே பொய்ச் சாட்சி!

"அலமாரியை நகர்த்தணும்" என்றார் தேர்வாளர்.

இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். அலமாரி அசையத் தொடங்கியபோது வாசலில் அண்ணன் வந்து நின்றார். மதிய நேரத்தில் ஒருநாளும் வீட்டுக்கு வராத மனிதர். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"அதை எதுக்கு நகர்த்துறீங்க? கனம். காலு கீலுல விழுந்துடும்" என்றார்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"இல்ல மேடம், அந்தச் சுவருக்கும் தண்ணி வந்ததுக்கும் சம்பந்தமே..."

அலமாரி நகர்ந்துவிட்டது. அதன் முதுகுப் பலகை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூனை முடி மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. பளபளப்பான பெயிண்ட் அடித்த சுவர், அப்பளம் மாதிரி உப்பி நின்றது. தேர்வாளர் விரலால் தொட்டார். உள்ளே இருந்து பழுப்புத் தண்ணீர் ஒரு கோடு போட்டுக்கொண்டு இறங்கியது.

அந்தக் கோடு இறங்கிய இடத்தில் ஒரு துண்டு டேப். மஞ்சளாகிப்போன வெள்ளை டேப், அதை மட்டும் விட்டுச் சுற்றிலும் பெயிண்ட் அடித்திருந்தது. அதில் நன்றாகப் படிக்கிற மாதிரி ஒரு தேதி. பக்கத்தில் 31. அதற்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து.

எத்தனை ஆயிரம் டேப்பில், எத்தனை நூறு அறிக்கையில் அந்தக் கையெழுத்தைப் பார்த்திருக்கிறாள்! தேதியும் அவளுக்குத் தெரியும். தெரியாமல் போகுமா? அவள் கணவன் இறந்த நாலாவது நாள். அவள் இந்த அறைக்குக் குடிவருவதற்கு ஒன்பது நாள் முன்பு.

"அண்ணா" என்றாள்.

அண்ணன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பக்கம் வாஷிங் மெஷின் குழாய் போகுது பாப்பா. உள்ள எங்கயோ கசிவு. உடைச்சா ரெண்டு மாசம் ஆகும். உன்னை உடனே கூட்டிட்டு வரணும். குழந்தையோட நடுத்தெருவுலயா விட முடியும்? பெயிண்ட் அடிச்சு அலமாரியை வச்சேன். அப்புறமா பாத்துக்கலாம்னு..."

"பதினோரு வருஷமா?"

"தினம் தினம் நாளைக்குன்னுதான் நெனச்சேன்."

"டேப்பைக் கிழிக்கலையே நீங்க?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "காயலையே" என்றார்.

பீன்ஸ் நறுக்கிய கத்தியோடு வாசலில் வந்து நின்ற அண்ணிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "என்னங்க சொல்றீங்க? அந்தச் சுவத்தோட ஒட்டித்தானே பொண்ணு கட்டில் கிடந்துச்சு?" என்றாள். "பாதி ராத்திரி எந்திரிச்சு எத்தனை நாள் வெந்நீர் வச்சேன்! நீங்களும் பக்கத்துலதானே நின்னீங்க?"

அந்தக் கேள்விதான் மூக்கக்காவின் நெஞ்சில் போய் இறங்கியது. ஊர்த் தண்ணீர் இல்லை! மகளுக்கு ஒத்துக்கொண்டது அந்த ஊர்த் தண்ணீர் இல்லை. ஒத்துக்கொள்ளாமல் இருந்தது இந்தச் சுவர். தலையணையை மாற்றினாள், திரையைக் கழற்றினாள், பெற்ற பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் மோந்து பார்த்துச் சொன்ன மூக்கு, தன் குழந்தையின் தலைமாட்டில் இருந்த ஈரத்தைச் சொல்லவில்லையே!

ஏன் சொல்லவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். எப்போதும் கூடவே இருக்கிற வாசனை மூக்குக்குத் தெரியாது, அதனால்தான் மீட்டர். முதல் ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் முதல் பாடம். தேர்விலும் வந்தது. முழு மதிப்பெண் வாங்கினாள்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவ இருமுறப்பல்லாம் உங்களுக்கு இந்த முப்பத்தொண்ணு ஞாபகம் வரலையா?"

அண்ணன் தலையைத் தூக்கி அந்தப் பழைய டேப்பைப் பார்த்தார்.

"வந்துச்சு" என்றார் அண்ணன்.

தேர்வாளர் தொண்டையைச் செருமினார். இத்தனை நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றவர், இப்போது ஒரு தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இது உங்க குடும்ப விஷயம். நான் பேசக் கூடாது. ஆனா வேலையைப் பத்திச் சொல்லணும். இந்தத் தாள்ல 'ஈரத்துக்குக் காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதை நான் நிரப்பக் கூடாது. நீங்கதான் நிரப்பணும். 'காரணம் தெரியவில்லை'ன்னு எழுதினா கோப்பை இன்னிக்கே மூடிடுவேன். அடுத்த வருஷம் திரும்ப முதல்ல இருந்து வரணும். காரணத்தை எழுதினா கோப்பு திறந்திருக்கும். சுவரைத் திறந்து, சரி பண்ணி, காயவச்சு, புது அளவோட முடிக்கலாம்."

"எழுதினா இந்த டேப்பு?"

"போட்டோ எடுத்துச் சேக்கணும். சான்றிதழ் வச்சிருக்கிறவர் கையெழுத்துன்னா தேர்வுக் குழு அவரைக் கூப்பிட்டுக் கேக்கும்."

அண்ணன் எழுந்து வந்தார். தாளின் மேல் கையை வைத்தார். பிடுங்கவில்லை. வைத்தார், அவ்வளவுதான்.

"பாப்பா, நாளைக்கே உடைச்சிடறேன். சத்தியமா. தெரியலன்னு எழுதிடு. அடுத்த வருஷம் நானே உன்னைக் கூட்டிட்டுப் போய்ச் சேத்து விடறேன். இது வெளிய போச்சுன்னா என் சான்றிதழை வாங்கி வச்சுக்குவாங்க. கம்பெனி நிக்கும். நம்ம பசங்க ஆறு பேரு இருக்காங்க. ஊரார் ஈரத்தைக் காயவைக்கிறவன் வீட்டுல பதினோரு வருஷ ஈரம்னா காறித் துப்ப மாட்டாங்களா?" பிறகு பழக்கத்தில் அந்த வார்த்தை வந்து விழுந்தது. "நான் இருக்கேன்ல?"

மூக்கக்கா அறையைப் பார்த்தாள். தெரியவில்லை என்று எழுதினால் இன்னும் ஒரு வருடம் இதே அறை. எழுதினால், இந்தச் சுவர் காய்கிறவரை, முகம் கொடுத்துப் பேசாத மனிதர்களுக்கு நடுவே இதே அறை. எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த நாலு சுவர்தான். கையைப் பிடித்து அழைத்து வந்தவரின் கைக்கு அடியில் தாள் கிடக்கிறது. எந்த வாயால் அந்தக் கையை எடு என்று சொல்வாள்? அவர் போட்ட சோற்றைத் தின்றவள் அல்லவா? அவர் இல்லாவிட்டால் அன்றைக்கு எங்கே போயிருப்பாள்?

மூன்று வாரத்தில் மகளுக்கு விடுமுறை. வருவாள். இங்கேதான் படுப்பாள்.

"அண்ணா, கையை எடுங்க" என்றாள்.

அவர் எடுக்கவில்லை. அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து, புருஷனின் மணிக்கட்டைப் பிடித்து, தாளிலிருந்து நகர்த்தினாள். நகர்த்திவிட்டு அழ ஆரம்பித்தாள்.

மூக்கக்கா எழுதினாள். சலவை இயந்திரக் குழாயில் கசிவு. பதினோரு ஆண்டுகளுக்கு மேல். பெயிண்டாலும் அலமாரியாலும் மறைக்கப்பட்டது. எழுத்து கோணலாகப் போனது, ஆனால் நிற்கவில்லை. கண்டறிந்தவர் என்ற இடத்தில் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு தேர்வாளரிடம் மீட்டரை வாங்கி உப்பிய சுவரில் வைத்தாள். அது வீடே அதிர்கிற மாதிரி கத்தியது. யாரும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அண்ணனின் டேப்புக்குப் பக்கத்தில் புது டேப் ஒன்றை ஒட்டினாள். இன்றைய தேதி. 44. அவள் கையெழுத்து.

அண்ணன் இரண்டு டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "நாப்பத்தி நாலா?" என்றார், ஏதோ வேலைக்குப் போன இடத்தில் கேட்கிற மாதிரி. பிறகு திரும்பி நடந்தார். மாடிப்படியில் அவர் ஏறுகிற சத்தம், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று கேட்டது.

"அண்ணி, வாஷிங் மெஷினைப் போடாதீங்க" என்றாள் மூக்கக்கா.

அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எத்தனை நாளைக்கு?"

"காயுற வரைக்கும்."

அண்ணி தலையாட்டினாளா, இல்லையா என்று தெரியவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தேர்வாளர் போட்டோ எடுத்தார். தாளை உறைக்குள் வைத்தார். "தேறிட்டீங்கன்னு சொல்ல முடியாது. தோத்துட்டீங்கன்னும் சொல்ல முடியாது. இந்தச் சுவர் ஒன்பதுக்கு இறங்கின அன்னிக்குக் கூப்பிடுங்க. எவ்வளவு நாள் ஆகும்னு நினைக்கிறீங்க?"

"தடிச் சுவர் மேடம். ஒரு மாசம் பிடிக்கும்."

"வேலை முடியுற வரைக்கும் நீங்க இடத்தை விட்டுப் போகக் கூடாது. தினமும் அளவு எடுக்கணும். ஒரு நாள் விட்டாலும் செல்லாது. தெரியும்ல?"

"தெரியும் மேடம்."

ஒரு மாதம். மகளை விடுதியிலேயே இருந்துவிடச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள். என்ன சொல்வது? கூடத்தில் அண்ணனும், சமையலறையில் அண்ணியும், நடுவில் ஒரு தட்டும். வாடி, வந்து மாட்டிக்கொள் என்று அறை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

"டீ ஆறிப்போச்சு மேடம். வேற போட்டுத் தரட்டுமா?"

"கோப்பு இன்னும் திறந்திருக்கே" என்றார் தேர்வாளர். அப்போதுதான் அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வந்து போனது. "மூடுற அன்னிக்கு வந்து குடிக்கிறேன். வர்றேங்க்கா."

வெளியே போகும்போது, யார் வீட்டிலும் செய்கிற வழக்கம் போல, கதவைத் தன் பின்னால் இழுத்துச் சாத்தினார். மூக்கக்கா, "அது மூடாது, விடுங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். ஐந்து நாள் காற்றும் குடிகாரனுமாகச் சேர்ந்து மரத்தில் இருந்ததையெல்லாம் குடித்திருந்தன. கதவு நிலையில் எங்கேயும் உரசாமல், தன் இடத்துக்குப் போய், 'டக்' என்று மூடிக்கொண்டது.